அரிது என்பதனாலா?

ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அவன் என் அக்காளின் கடைக்குட்டி, வயது பன்னிரண்டு. மாமா கதை எழுதுகிறவர், அவருக்குத் தெரியாதது இருக்காது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன். அந்த நம்பிக்கை அன்று கொஞ்சம் ஆட்டங்கண்டிருக்கும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகும், எழுத உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் குற்றால மலை. ஆனி, ஆடி மாதங்களில் மலை முகட்டில் மேகம் கவிந்து சாரல் விழும்போது, எங்கள் ஊருக்கு மழை வராது. காற்று மட்டும் வரும். அந்தக் காற்றில் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சள் மஞ்சளாய்த் தலையாட்டும். 1992-ல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் கதாநாயகி எங்கள் ஊர்ப் பெண்ணாக வந்ததிலிருந்து ஊரின் பெயரும் வெளியே தெரிந்துவிட்டது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள், கேரளத்துக்காரர்கள் உட்பட, காரை நிறுத்திப் பூக்களின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

படம் எடுக்கிறவர்கள் பூவுக்கு வருகிறார்கள். இதழ் வாடி, பூ தலை கவிழ்ந்து, விதை பால் பிடிக்கும்போது வேறொரு கூட்டம் வரும். அது பச்சைக் கிளிக் கூட்டம். ஒன்றிரண்டு அல்ல, நூறும் இருநூறுமாக வந்து இறங்கும். ஒவ்வொரு கிளியும் ஒரு பூவின் விளிம்பில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, விதையைக் கொத்தி எடுத்து, தோலை உரித்துத் துப்பிவிட்டுப் பருப்பைத் தின்னும். அந்த நறுவிசைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வயல் நம்முடையதாக இல்லாவிட்டால். அது தின்பதைவிடக் கீழே கொட்டுவது அதிகம் என்பார் என் அத்தான். இரண்டு ஏக்கரில் சூரியகாந்தி போட்டிருக்கிறார். வயலைச் சுற்றி மினுங்கும் நாடாக்களைக் கட்டியிருக்கிறார். அக்காளின் பழைய சேலைகளைக் கம்பு கம்பாக நட்டு மாட்டியிருக்கிறார். கிளிகள் இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் சேலைக் கம்பிலேயே உட்கார்ந்து இளைப்பாறின. எனவே விடியற்காலையில் யாராவது ஒருவர் தகர டின்னும் கம்புமாக வரப்பில் நிற்க வேண்டும்.

சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் அந்த வேலை எனக்கும் மருமகனுக்கும் வந்தது. நான் உற்சாகமாகவே தகரத்தை அடித்தேன். பச்சை மேகம் ஒன்று 'கீ கீ' என்று திட்டிக்கொண்டே எழுந்து, அடுத்த வயலில் இறங்கியது. அடுத்த வயல்காரர் தகரத்தை எடுத்தார்.

அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் போயிருந்தேன். கூட்டத்தை விட்டு விலகி, மரங்கள் அடர்ந்த ஓரமாக நடந்தோம். தலைக்கு மேலே இரட்டைக் குரலாக ஒரு கூவல் கேட்டது. பச்சைக் கிளியின் குரல் மாதிரிதான். ஆனால் அதைவிடக் கரகரப்பு. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பட்டுப்போன கிளையில் ஒரு ஜோடி. தலையும் மார்பும் மாடப்புறாவைப் போலச் சாம்பல் நிறம். சிறகும் வாலும் நீலம். வாலின் நுனியில் மட்டும் மஞ்சள். ஆண் பறவையின் கழுத்தில் கரிய வளையம் ஒன்று, அதை ஒட்டிப் பச்சையும் நீலமும் கலந்து ஒளிவிடும் வளையம் ஒன்று. அதன் மேலலகு சிவப்பு. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அந்த ஒளி வளையம் இல்லை, அலகும் கறுப்பு. நீலச் சிறகுக் கிளி! மலபார்க் கிளி என்று புத்தகங்களில் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

மருமகன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் தோளை அழுத்தி, "சத்தம் போடாதே!" என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கை தானாகக் குவிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். கிளிகள் சற்று நேரம் இருந்து, பிறகு மலையை நோக்கிப் பறந்தன.

அப்போதுதான் அவன் கேட்டான்: "காலையில தகரத்த அடிச்சு வெரட்டுனிய. இப்பம் மூச்சே விடாதேங்கிய. அதுவும் கிளிதான மாமா?"

இதுதான் கேள்வி.

"இது அபூர்வமான கிளிடா" என்றேன். "அபூர்வம்னா?" என்றான். "நிறைய இருக்காது." "நிறைய இருந்தா வெரட்டலாமா?"

எங்கள் வகுப்பில் கணக்குக்கூட இருபது பிள்ளைகள், பூகோளம்கூட இருபது பிள்ளைகள். யாராவது ஒருவன் செத்துப்போனால் பத்தொன்பது பேர் மிச்சம் இருக்கிறார்களே என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. அவன் இப்படியெல்லாம் சொல்லவில்லை. நான்தான் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அரிது என்பதனால் ஒன்று உயர்ந்ததாகிவிடுமா? தங்கம் அரிது, அதனால் விலை அதிகம். தண்ணீர் எங்கும் உண்டு, அதனால் விலை இல்லை. இது கடைத்தெரு நியாயம். உயிரின் விஷயத்திலும் இதே தராசைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் ஒரு கதை நடந்திருக்கிறது.

பிரேசில் நாட்டில், சான் பிரான்சிஸ்கோ என்ற ஆற்றின் கரையோர மரங்களில், உடல் முழுவதும் நீலமான ஒரு கிளி இருந்தது. 1819-ல் அதை முதலில் சேகரித்த ஜெர்மானிய இயற்கை அறிஞர் ஸ்பிக்ஸின் பெயரால் அதை ஸ்பிக்ஸ் மக்கா என்கிறார்கள். முதலிலேயே அது எண்ணிக்கையில் குறைந்த இனம். அது வாழ்ந்த ஆற்றோர மரங்கள் ஒரு பக்கம் அழிந்தன. இன்னொரு பக்கம், அரிய பொருளைச் சேர்த்து வைப்பதில் ஆசை கொண்டவர்கள் பணப்பையை அவிழ்த்தார்கள். பறவை குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏறப் பறவை குறைந்தது. 1990-ல் தேடிப் போனவர்கள் காட்டில் கண்டது ஒரே ஓர் ஆண் கிளியை. அந்தச் சமயத்தில் அதன் இனத்தார் இருந்தது கூண்டுகளில்.

அந்த ஒற்றைக் கிளி என்ன செய்தது தெரியுமா? பெரும்பாலும் பச்சை நிறமான வேறோர் இனத்துப் பெண் கிளியோடு ஜோடி சேர்ந்துகொண்டு வாழ்ந்தது. 1995-ல் கூண்டிலிருந்த அதன் இனத்துப் பெண் ஒன்றைக் கொண்டுபோய் விட்டார்கள். அது சில வாரங்களில் காணாமல் போயிற்று. ஆண் கிளி தன் பச்சைத் துணையோடு தொடர்ந்து காலம் தள்ளியது. 2000-ஆம் ஆண்டில் அதுவும் மறைந்தது. 2022-ல், கூண்டில் பெருக்கிய பறவைகளில் சிலவற்றை அதே பகுதியில் மறுபடியும் பறக்கவிட்டார்கள். ஒரு மனித ஆசை கலைத்ததை இன்னொரு மனித ஆசை ஒட்டவைக்கப் பார்க்கிறது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது இதுதான். உலகத்திலேயே மிக அரிய கிளி என்று நாம் எழுதி வைத்திருந்தோம். அந்தச் செய்தி அந்தக் கிளிக்குத் தெரியாது. அதற்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஒரு துணை. அரிது என்பது பறவையின் குணமே அல்ல. சாம்பல் தலை அதன் குணம். கரகரத்த குரல் அதன் குணம். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் முட்டையிடுவது அதன் குணம். அரிது என்பது நாம் போட்ட கணக்கு. பல சமயங்களில் நாம் செய்த காரியத்தின் மிச்சம்.

சரி, அரிது என்பதை விட்டுவிடுவோம். அழகு என்பதனால் கை குவிந்தது என்று சொல்லலாமா?

கிளியின் நீலத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயம் சொல்கிறார்கள். அதன் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் இல்லை. இறகுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைப்பின்னல் இருக்கிறது. அதில் படும் வெளிச்சத்தில் நீலம் மட்டும் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அந்த இறகைப் பொடித்துப் பார்த்தால் நீலப் பொடி கிடைக்காது. ஒரு மங்கிய கருந்தூள்தான் மிஞ்சும். இதைவிட வேடிக்கை, பச்சைக் கிளியின் பச்சையும் இப்படித்தான். உள்ளே அதே நீலம்; அதன்மேல் கிளி தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும் மஞ்சள் சாயம். இரண்டும் சேர்ந்து பச்சை. மஞ்சள் இல்லாமல் பிறந்துவிட்டால் அந்தக் கிளியே நீலமாகிவிடும். அப்படி நீலமானவற்றை வளர்த்துப் பெருக்கி விற்பதும் உலகத்தில் நடக்கிறது.

ஆக, காலையில் நான் விரட்டிய ஒவ்வொரு கிளிக்குள்ளும் ஒரு நீலக் கிளி இருந்தது. அழகு என்று சொல்லியும் தப்ப முடியவில்லை.

அப்படியானால் மாலையில் என் கை ஏன் குவிந்தது? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாத காரியம்.

எனக்கு ஏழு வயது இருக்கும். குற்றாலத்தில் சாரல் காலத்துக் கடைகளின் ஓரத்தில் ஒருவன் மூங்கில் கூடையில் கிளிக்குஞ்சுகள் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். அப்பா ஒன்று வாங்கினார். வாங்கும்போது அது மங்கிய பச்சையாகத்தான் இருந்தது. அக்காள் அதற்குப் பாலில் ஊறவைத்த பொட்டுக்கடலையை விரல் நுனியில் எடுத்து ஊட்டினாள். வளர வளரத் தலை சாம்பலாயிற்று, சிறகு நீலமாயிற்று, மூன்றாம் வருஷம் கழுத்தில் அந்த வளையம் வந்தது. அக்காளின் பெயரைச் சொல்லப் பழகியது. அப்பாவின் குரலிலேயே சொல்லும். அடுக்களையில் இருக்கும் அக்காள், அப்பா கூப்பிடுகிறார் என்று ஓடிவந்து ஏமாறுவாள்.

அது பறந்து போய்விடக் கூடாதே என்று அதன் சிறகை நறுக்கி விடுவது என் வேலை. அம்மாவின் கத்தரிக்கோல். அக்காள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்வாள், நான் நறுக்குவேன். கீழே விழும் நீல இறகுகளை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். அதன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று கேட்டால், உயிர் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் அல்ல.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கூட்டில் பறவையை அடைப்பது பாவம் என்று பாடம் நடத்தினார். மனம் உருகிப்போய் வீட்டுக்கு ஓடிவந்தேன். யாரும் இல்லை. கூட்டைத் திறந்தேன். கிளி வெளியே வரவில்லை. நானே கையில் எடுத்துத் திண்ணையில் விட்டேன். "போ, மலைக்குப் போ" என்றேன். அது சிறகை அடித்தது; ஒரு முழம் எழும்பித் தரையில் விழுந்தது. அக்காளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டு வரலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் பூனை வந்துவிட்டது.

அக்காள் வந்து கேட்டபோது, "கூட்டைத் திறந்தேன், பறந்து போயிட்டு" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றாள். மலையைக் காட்டினேன். அன்றிலிருந்து எத்தனையோ வருஷம், மேற்கே ஒரு கிளி பறந்தால் அவள் நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஐந்தருவியில் என் கையைக் குவித்தது அரிது என்ற எண்ணமும் அல்ல, அழகு என்ற எண்ணமும் அல்ல. அது கடன்காரனின் கூச்சம். மருமகனிடம் அதை எப்படிச் சொல்வேன்?

இன்று 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுக் கிளிகளில் எதைப் பிடித்தாலும், விற்றாலும், கூட்டில் வளர்த்தாலும் குற்றம். நீலத்துக்கும் பச்சைக்கும் சேர்த்தேதான். ஆனாலும் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இன்னும் கூடு தொங்குகிறது. கேட்டால், "பிரியமாத்தான் வளக்கோம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெறுப்பு கத்தரிக்கோலை எடுத்தால் கூட இருப்பவர்கள் தடுப்பார்கள். பிரியம் எடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் மலைக்கே பாட்டுடைத் தலைவனைத் தந்த குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் என்று ஒருவன் வருகிறான். நூவனைக் கூட்டிக்கொண்டு கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வருகிறவன். சிங்கியின் நினைப்பு வந்ததும் அவனுக்குப் பறவையில் கவனம் இல்லாமல் போகிறது. சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால், பறவைகளுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! வேறோர் உயிரின்மேல் வைத்த நினைப்பு கையிலிருந்த கண்ணியை நழுவவிடுகிறது.

பழந்தமிழர்களும் கிளியை விரட்டியவர்கள்தான். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று செய்த வேலை வேறென்ன? ஐங்குறுநூற்றில் கபிலர் 'கிள்ளைப் பத்து' என்று பத்துப் பாட்டே வைத்திருக்கிறார். தினை கவரும் கிளியும், அதை ஓட்டுகிற சாக்கில் புனத்துக்கு வரும் பெண்ணும், அவளைக் காண வரும் தலைவனும். கிளி ஓட்டுவது அவர்களுக்குப் பகையாகப் படவில்லை. கிளி வந்தது தினைக்கு. அவள் ஓட்டுவது தன் வயிற்றுக்கு. இரண்டு பேருக்கும் அதில் நியாயம் உண்டு. ஓட்டிய பிறகு கிளி கிளியாகவே பறந்து போகிறது. அதன் சிறகு அதனிடம் இருக்கிறது.

ஓட்டுவது வேறு, பிடிப்பது வேறு என்று இங்கேதான் எனக்குப் பிரிந்து தெரிந்தது. வயலில் வந்தால் தகரம் தட்டு. அது நம் இடம். மலையில் போய் அதைக் கண்டால் ஒதுங்கி நில். அது அதன் இடம். காலையில் நான் செய்ததும் மாலையில் செய்ததும் முரண் அல்ல. இரண்டிலும் கிளியைக் கிளியாக விட்டேன். முரணாக இருந்தது அந்தக் கத்தரிக்கோல் ஒன்றுதான்.

இவ்வளவையும் அன்று இரவு சாப்பாட்டின்போது அத்தானிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், என் பழைய கதையை மட்டும் விட்டுவிட்டு. அவர் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"சொல்றது நல்லாத்தான் இருக்கு மாப்ளே. கிளிக்குச் சட்டம் போட்டாச்சு, வேண்டியதுதான். என் சூரியகாந்திக்கு யாரு போட்டிருக்கா? சுடவும் கூடாது, வலை போட்டுப் பிடிக்கவும் கூடாது. சரி, நான் செய்ய மாட்டேன். ஆனா ராத்திரி தூக்கமில்லாம வரப்புல நிக்கது நான். கிளி வாழணும்னு சொல்றவுக எல்லாம் மெட்ராஸ்ல இருக்கிய."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜீவகாருண்யம் என்கிறோம், அதன் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்ப்பதில்லை. இரண்டு ஏக்கர்க்காரரின் கணக்கில் எழுதிவிட்டு, புண்ணியத்தை மட்டும் நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம். ஓர் இனமே அழியாமல் காப்பது ஊரின் கடமை, அரசின் கடமை. அதற்குச் சட்டம் வேண்டும், காடு வேண்டும், நஷ்டப்படுகிறவனுக்கு ஈடும் வேண்டும். கையில் வந்த ஒரு பறவையைப் பறவையாக விடுவது தனி மனிதனின் கடமை. அதற்கு எண்ணிக்கை வேண்டாம். முன்னதில் அரிது என்பது கணக்கில் வரத்தான் வேண்டும். கடைசிக் கிளி போனால் ஓர் இனத்தின் கூவலே போய்விடும். பின்னதில் அதற்கு இடமில்லை. பூனை வாயில் அகப்பட்ட கிளிக்கு, தான் நூற்றில் ஒன்றா கடைசி ஒன்றா என்பது தெரியாது. மருமகன் கேட்டது இந்த இரண்டாவதைப் பற்றி. நான் சொன்ன பதில் முதலாவதைப் பற்றியது. அதனால்தான் அது அவன் மனத்தில் ஒட்டவில்லை.

அத்தான் கைகழுவப் போனதும் அக்காளிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கிளி மலைக்குப் போகவில்லை என்று. ஒரு வாக்கியம்தான், அதற்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது எனக்கு அப்பமே தெரியும் தம்பி. சாயந்தரம் திண்ணையப் பெருக்குனது யாரு? நாந்தான."

"அப்புறம் ஏன் மலையைப் பார்த்துப் பார்த்து நின்னே?"

"நீ பாத்துக்கிட்டிருந்தியே" என்றாள். "பறந்து போச்சுன்னு நான் நம்பினாத்தான நீ சோறு திங்கெ."

மறுநாள் விடியலில் மருமகன் தகர டின்னை எடுத்துக்கொண்டு வந்து எழுப்பினான். இருவரும் வரப்பில் நின்றோம். கிழக்கே முகம் வைத்து நின்ற பூக்களின்மேல் பச்சைக் கூட்டம் வந்து இறங்கியது. முந்தைய நாள் கேட்டதற்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டும் என்று, "அதுவும் கிளிதான், நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"அப்பம் அடிக்கவா, வேண்டாமா?" என்றான்.

"அடி" என்றேன். "அப்பாவுக்கு விதை வேணும். ஆனா கல்லை மட்டும் எடுக்காதே."

அவன் தகரத்தைத் தட்டினான். கிளிகள் முழுச் சிறகோடு எழுந்து போயின.